ஆவணங்களில் பெயரில்லாத அப்பத்தாவின் வாழ்க்கையை எப்படி எழுதுவது?

ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில் வாழ்ந்து, 2025 ஐப்பசியில் காலமான தம் அப்பத்தாவுக்கு, முதலாண்டு நினைவு நாளில் ஒரு சிறு மலர் வெளியிட விரும்புவதாகச் சொல்லி நீங்கள் யோசனை கேட்டிருக்கிறீர்கள். ஊரார் அவருக்கு நூறு வயது என்கிறார்கள். ஆதார் அட்டையில் 1931 ஜனவரி 1 என்று இருக்கிறது. அவரோ தாம் தாது வருஷம் மாசி மாதம் பிறந்ததாகச் சொல்லிவந்தார். தனுஷ்கோடிப் புயலில் தப்பி, அதில் இறந்த அக்காளின் நான்கு பிள்ளைகளைக் கூட்டிவந்து, தம் ஏழு பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். கடலில் பாசி எடுத்தார். ஊருக்குப் பிரசவம் பார்த்தார், ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் எடுத்த கை என்பது குடும்பத்தின் பேச்சு. பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தார். பதவி எதிலும் இருந்ததில்லை. இவற்றில் எது உண்மை, எதை எப்படி எழுதுவது என்பது உங்கள் கேள்வி. அதற்குள் வேறொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைத் துருவிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்றும், ஆதாரமாக ஒரு தாள்கூட இல்லாதபோது எழுதுவதற்கு என்ன மிஞ்சும் என்றும் தயங்குகிறீர்கள். இரண்டு தயக்கத்துக்கும் இடமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இந்தக் கடற்கரையில் முதலில் வயது வந்தோர் கல்வியிலும் பின்னர் மகளிர் குழுக்களுக்கான பயிற்சியிலும் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறேன். முதிய பெண்களை உட்காரவைத்து அவர்கள் வாழ்க்கையைக் கேட்டு எழுதிவைப்பது அந்த வேலையோடு ஒட்டி வந்தது. அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அப்பத்தாவின் பெயரில் ஆவணம் தேடினால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது; மற்றவர்களின் ஆவணங்களுக்குள் அவரைத் தேடினால் கிடைப்பார். வீட்டு வரி ரசீது தாத்தாவின் பெயரில் இருக்கும், பள்ளிச் சான்றிதழ் பிள்ளைகளின் பெயரில் இருக்கும், வங்கிப் புத்தகம் சங்கத்தின் பெயரில் இருக்கும். இவற்றைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினாலே அவர் வாழ்க்கையின் பாதிக் கோடு தெரிந்துவிடும்.

வயதிலிருந்து தொடங்குவோம். தாது வருஷம் என்று அவரே சொன்னது நீங்கள் நினைப்பதைவிட வலுவான சான்று. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பெரும் பஞ்சத்தோடு சேர்த்துப் பேசப்படும் தாது வருஷம் 1876-77, அடுத்த தாது 1936 சித்திரையில் தொடங்கி 1937 பங்குனியில் முடிந்தது, அதற்கடுத்தது 1996-97. அப்பத்தா பிறந்திருக்கக்கூடியது நடுவில் உள்ளதில் மட்டுமே. மாசி மாதம் ஆங்கில ஆண்டுக் கணக்கில் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை என்பதால், அவர் பிறந்தது 1936இல் அல்லாமல் 1937இல் என்று வரும். இந்த இடத்தில் பலரும் ஓர் ஆண்டு பிசகிவிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி காலமானபோது அவருக்கு 88 வயது நிரம்பியிருந்தது.

ஆதாரில் உள்ள ஜனவரி 1ஐ அதிகம் நம்ப வேண்டாம். பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்கு அவர்கள் வாயால் சொன்ன வயதிலிருந்து ஆண்டு கணக்கிடப்பட்டது. இந்தக் கரையில் முதியவர்கள் பாதிப் பேர் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்களாகவே அட்டையில் இருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்ட காலத்தில் ஐந்தாறு வயது கூட்டிச் சொன்னதும், அதுவே பிற்பாடு எல்லா அட்டைகளிலும் ஏறிக்கொண்டதும் சாதாரணமாக நடந்தது. உங்கள் அப்பத்தாவுக்கும் அப்படித்தான் நேர்ந்தது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியுள்ள இரண்டு செய்திகளை வைத்து இதைச் சோதிக்கலாம். உங்கள் பெரியப்பா ஒரு புயலில் கைக்குழந்தை என்றும், கடைசி அத்தை பிறந்து ஒரு மாதத்தில் உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு புயல் கரையேறியது என்றும் சொல்கிறீர்கள். முதலாவது 1955 நவம்பர் கடைசியில் தஞ்சாவூர், இராமநாதபுரம் கரைகளைத் தாக்கிய புயலாக இருக்க வேண்டும். இரண்டாவதில் ஐயமே இல்லை. 1978 நவம்பர் 24ஆம் தேதி மாலையில் கீழக்கரைக்கும் ரோச்மா நகருக்கும் இடையே கரையைக் கடந்த புயல் அது. உங்கள் ஊர் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. 1937இல் பிறந்தவர் என்றால் தலைச்சன் பிள்ளையைப் பெற்றபோது அவருக்குப் பதினெட்டு, கடைசிப் பிள்ளைக்கு நாற்பத்தொன்று. 1931 என்றால் கடைசிப் பிள்ளைக்கு நாற்பத்தேழு வயதாகியிருக்கும். நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாவிட்டாலும் அது மிக அரிது. ஊரார் சொல்லும் நூறு வயதைக் கொண்டால் ஐம்பதைத் தாண்டிப் பிள்ளை பெற்றதாக ஆகிவிடும். ஆகவே 1937 என்று எழுதுங்கள். நூறு என்று ஊர் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம். 'ஊரார் நூறு என்பார்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அவர்கள் வைத்திருந்த மதிப்பும் அதில் பதிவாகிவிடும்.

இதைக் குறுக்கே உறுதிப்படுத்த அவருடைய தம்பிமாரின் பள்ளிச் சான்றிதழ்களைத் தேடுங்கள். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகளிலும் ஆண் பிள்ளையை இரண்டு மூன்று வகுப்பாவது படிக்க அனுப்பினார்கள். அக்காளுக்கும் தம்பிக்கும் எத்தனை வயது இடைவெளி என்பது உறவுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களாக இருந்தால் இந்தச் சுற்றுவழி எதுவும் தேவைப்படாது. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடே பிறந்த நாளையும் பெற்றோர் பெயரையும் சொல்லிவிடும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகம் கல்யாணத் தேதியைத் தரும். மற்றவர்களுக்கு அந்நாள் கிராம அதிகாரிகளான கர்ணமும் முன்சீப்பும் எழுதிவைத்த கிராமக் கணக்குகள்தான் வழி. 1980இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கைமாறிய கணக்குகளில் எல்லாமே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன என்று சொல்வதற்கில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை நம்பி மலரின் வேலையை நிறுத்திவைக்காதீர்கள்.

புயல் கதைக்கு வருகிறேன். இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனென்றால் அது உங்கள் குடும்பத்தின் கதையாக இருக்கும்போதே ஊர் முழுதுக்கும் பொதுவான கதையாகவும் ஆகிவிட்டது. புயல் தாக்கியது 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவும் அதை அடுத்த விடிகாலையும். மார்கழி மாதம், பௌர்ணமி கழிந்து மூன்று நாள், கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள். அன்று நள்ளிரவையொட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் சென்றவர்கள் 115 பேர் என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் இருந்திருப்பார்கள் என்பதால் கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. அப்பத்தா தனுஷ்கோடியில் அக்காள் வீட்டில் இருந்ததாகவும், ஊருக்குத் திரும்ப அந்த ரயிலில் ஏற வேண்டியவர் தவறவிட்டதால் பிழைத்ததாகவும் உங்கள் வீட்டில் சொல்கிறார்கள். அந்த ரயில் தனுஷ்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தனுஷ்கோடியில் இருந்தவர் ஊருக்குத் திரும்ப அதில் ஏறியிருக்க முடியாது. அது வந்து சேர்ந்து திரும்பும்போது ஏறக் காத்திருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்தக் கரையில் அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பலருடைய வீடுகளில் தவறவிட்ட ரயில் ஒன்று இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பெரிய சாவு ஒன்று பக்கத்தில் வந்துபோனதைச் சொல்வதற்கு ஊரிடம் இருந்த ஒரே வடிவம் அந்த ரயில்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் மலரில் ரயிலை விட்டுவிட்டாலும் அப்பத்தாவுக்கு எந்தக் குறையும் வராது.

ஏனென்றால் சோதித்துப் பார்த்தால் நிற்கக்கூடிய செய்தி வேறு இருக்கிறது. வத்தையில், அதாவது நாட்டுப் படகில், மண்டபம் வந்து இறங்கியதாக அப்பத்தா சொன்னார் என்று ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பாம்பன் ரயில் பாலம் அந்தப் புயலில் பெரிதும் சேதமடைந்து, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சரிசெய்யப்பட்டது. சாலைப் பாலம் வந்ததோ 1988இல். ஆகவே புயலுக்குப் பிந்தைய அந்த வாரங்களில் தீவிலிருந்து கரைக்கு வரப் படகை விட்டால் வழியில்லை. புயலைப் பற்றிக் கேட்டறிந்து கதை கட்டுகிறவர் சொல்லக்கூடிய விவரமாக எனக்கு இது தோன்றவில்லை. வந்தவர் சொல்வது போல இருக்கிறது. இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், 1965ஆம் ஆண்டில் அந்த நான்கு பிள்ளைகளும் சேர்க்கப்பட்ட பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் தந்தை அல்லது பாதுகாவலர் என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே உங்கள் தாத்தாவின் பெயர் இருந்தால், பிறந்த ஊர்க் கட்டத்தில் தனுஷ்கோடி என்றும் இருந்தால், அந்த ஒரு வரியைப் படமெடுத்து மலரில் போடுங்கள். இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி, தனக்கென்று பிறந்த குழந்தைகள் வீட்டில் இருக்கையிலேயே இன்னும் நால்வருக்குச் சோறு போடத் தீர்மானித்ததற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

நீங்கள் குறைவாக எழுதியிருக்கும் ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஊற்றடியில் அப்பத்தா இருந்தால் சண்டை வராது என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வருவதற்கு முன்பு இந்தக் கரையில் குடிநீர் எப்படிக் கிடைத்தது என்பதை உங்கள் தலைமுறை பார்த்திருக்காது. கடற்கரை மணலில் ஆளுயரத்துக்கோ அதற்குக் குறைவாகவோ குழி தோண்டுவார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக நிற்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் அது மேலேயே மிதக்கிறது. குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஊறிவரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு வேகமாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். அதன்பின் அந்த ஊற்று அன்று முழுதும் யாருக்கும் உதவாது. ஒருத்தி இரண்டு குடத்துக்கு ஆசைப்பட்டால் பின்னால் நிற்கும் பத்துப் பேருக்குத் தண்ணீர் இல்லை. ஆகவே முறை வைத்தாக வேண்டும். யார் முதலில், பிள்ளைத்தாய்ச்சிக்கு எத்தனை குடம், இடையில் எவ்வளவு நேரம் ஊற விட வேண்டும், வெயில் ஏறிய பிறகு வருகிற தனிக்கட்டைக் கிழவிக்கு யார் ஒரு குடம் விட்டுக்கொடுப்பது என்றெல்லாம் தினமும் தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு எந்த அரசாணையும் அதிகாரம் கொடுக்கவில்லை. தம் குடத்தைக் கடைசியில் வைத்ததால் மற்றவர்கள் அவர் சொல்லைக் கேட்டார்கள். உங்கள் அப்பத்தா செய்த பொதுவேலையின் வேர் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சங்கமெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஊற்றடிக்குச் சேர்ந்து போன பெண்கள் யாராவது எழுபது வயதைத் தாண்டி இன்னும் இருந்தால் மற்ற எல்லா வேலைகளையும் ஒதுக்கிவிட்டு அவர்களிடம் போய் உட்காருங்கள். ஊற்று எந்த இடத்தில் இருந்தது, யார் யார் சேர்ந்து போனார்கள், யாரோடு சண்டை, எப்படித் தீர்ந்தது என்று கேளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே சம்பவத்தைச் சொன்னால் அதை உண்மை என்று எழுதலாம்.

பாசி எடுத்ததைப் பற்றியும் கைகளிலிருந்து தொடங்கலாம். அப்பத்தாவின் விரல் நுனிகளில் வெட்டுத் தழும்புகள் இருந்திருக்கும். பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்தெடுக்கும் பெண்கள் விரல்களில் துணியோ ரப்பரோ சுற்றிக்கொள்வார்கள், காலடியில் தகடு கட்டிக்கொள்வார்கள், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, இடுப்பில் வலைப்பை கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள். அப்படியும் பாறை விரலை விடுவதில்லை. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் பிரித்த ஒவ்வொன்றுக்கும் பருவமும் விலையும் தனி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் அந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. தலைமுறையாகப் போய்வந்த தீவுப் பாறைகளுக்கு இதனால் தடை வந்தது. பிடிபட்ட வத்தைகளையும் பறிக்கப்பட்ட பாசி மூட்டைகளையும் அந்தப் பெண்கள் இன்றைக்கும் வருத்தத்தோடு பேசுவார்கள். பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசிக்குப் போவது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் இறங்காமல் இருப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டது இந்தக் கரையின் வரலாற்றில் பெரிய செய்தி. அந்த இயக்கத்தில் முன்நின்ற, பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடுவோருக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசு கிடைத்தது. உங்கள் அப்பத்தா அந்தக் கூட்டங்களுக்குப் போனாரா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். போயிருந்தால் அவருடைய ஊரிலிருந்து யாரோடு போனார் என்று கேளுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனவருக்கு எல்லாம் நினைவிருக்கும். கூட்டத்துக்குப் போனதற்குச் சான்று எதுவும் கிடைக்காவிட்டால் அவர் பாசி எடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைமை தாங்கினார் என்று நீட்டி எழுதினால், படிக்கும் பாசிக்காரப் பெண்களுக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும், பிறகு நீங்கள் எழுதிய மெய்யையும் நம்ப மாட்டார்கள்.

பிரசவங்களின் எண்ணிக்கையைச் சிறிய கணக்கால் சரிபார்க்கலாம். 1960களில் இந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பது பிறப்பு. உங்கள் ஊர் அன்றைக்கு இருநூறு வீடு, அதாவது ஆயிரம் பேர் என்று கொண்டால் ஆண்டுக்கு நாற்பது குழந்தைகள். முப்பது ஆண்டு பார்த்தார் என்றால் ஊரில் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் சேர்த்து ஆயிரத்து இருநூறு. ஊரில் வேறு மருத்துவச்சிகளும் இருந்தார்கள், பிற்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கும் போனவர்கள் உண்டு. ஆகவே ஆயிரம் என்பது நடக்கக்கூடிய எண்ணின் உச்சி. 'நூற்றுக்கணக்கான' என்று எழுதினால் ஒருவரும் குறைசொல்ல முடியாது. இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. கையால் எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்று ஊரில் வீடுவீடாகக் கேட்டு, விருப்பமுள்ளவர்களின் பெயரை மட்டும் மலரில் அச்சிடுங்கள். அந்த எண் எண்பதாக இருந்தாலும் நூற்றைம்பதாக இருந்தாலும் ஒவ்வொன்றும் ஓர் ஆள். 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கத்திரிக்கோல், நூல் முதலியவை அடங்கிய ஒரு பெட்டியும் தந்தது. பரணில் அப்படியொரு பெட்டி கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அவர் பயிற்சி பெற்றவர் என்று எழுதலாம்.

பிரசவம் பார்த்தவரைப் பற்றி எழுதும்போது விட்டுவிட வேண்டியவையும் உண்டு. எந்த வீட்டில் எந்தக் குழந்தை எந்தச் சூழ்நிலையில் பிறந்தது, எது பிறந்து தங்கவில்லை, எந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் இரவில் வந்தாள் என்பதெல்லாம் அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கும், அவர் வாய் திறந்திருக்க மாட்டார். விசாரிக்கும்போது அவை உங்கள் காதில் விழக்கூடும். அவரே காத்த ரகசியத்தை அவர் பெயரில் வெளியிடும் மலர் உடைக்கக் கூடாது. இந்த ஒன்றில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

குடும்பத்துக்குள் விட்டுப்போகக்கூடிய வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏழு பிள்ளைகள் என்கிறீர்கள். அது உயிரோடு வளர்ந்தவர்களின் எண்ணிக்கையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. தவறிய குழந்தைகளை ஆண்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண்கள் விடுவதே இல்லை. உங்கள் அத்தைமாரிடம், முடிந்தால் மூத்தவரிடம், தனியாக இருக்கும்போது கேளுங்கள். சொன்னால், அவர் சம்மதித்தால், ஒரு வரியில் எழுதுங்கள். பல பிரசவங்களைப் பார்த்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒருவேளை அந்த வரி பதிலாக இருக்கக்கூடும். இது என் ஊகம், உங்கள் அத்தை சொன்னால்தான் செய்தி.

சங்கத்துக்குச் சான்று தேடுவதுதான் எல்லாவற்றிலும் எளிது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் 1992-93இல் இராமநாதபுரத்துக்கு வந்தது. மகளிர் திட்டம் என்ற பெயரில் 1997-98 முதல் படிப்படியாக மாநிலம் முழுவதும் விரிந்தது. உங்கள் ஊரில் முதல் குழு எந்த அலையில் வந்தது என்பது தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியோடு இருக்கும். அந்தப் பழைய நீள நோட்டு ஏதாவது ஒரு உறுப்பினர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். கிடைத்தால் அவசரப்படாமல் பக்கம் பக்கமாகப் பாருங்கள். முதல் மாதங்களில் பெயருக்கு எதிரே நீலமாகவோ ஊதாவாகவோ கைநாட்டுகள் இருக்கும். பிறகு ஒரு கூட்டத்தில் ஒரு கைநாட்டின் இடத்தில் நடுங்கும் எழுத்தில் ஒரு பெயர் வரும், அடுத்த கூட்டத்தில் இரண்டு வரும். 1990களின் தொடக்கத்தில் மாவட்டந்தோறும் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்புகளில் அரிக்கேன் விளக்கடியில் கற்ற எழுத்து அது. உங்கள் அப்பத்தாவின் பெயர் கைநாட்டிலிருந்து கையெழுத்தாக மாறிய பக்கம் எது என்று கண்டுபிடியுங்கள். அதில் தேதி இருக்கும். ஐம்பத்தைந்து வயதை ஒட்டி அவர் தம் பெயரை எழுதக் கற்றார் என்பது நாள் குறித்துச் சொல்லக்கூடிய செய்தியாகிவிடும். தீர்மானங்களையும் படியுங்கள்: யாருக்குக் கடன், எதற்கு, கட்டாதவரை என்ன செய்தார்கள். குடிகாரப் புருஷனுக்காகக் கடன் கேட்டவளுக்கு மறுத்துவிட்டு, அவள் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் சங்கமே கட்டியது போன்ற தீர்மானங்களைப் பல ஊர் நோட்டுகளில் படித்திருக்கிறேன்.

பதவி இல்லை என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். 1996இல் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது, நின்றிருக்கலாம், நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று அவருடைய பெண் தோழர்களிடம் கேளுங்கள். இன்னொருத்தியை நிறுத்தி அவளுக்காக வீடுவீடாகப் போனார் என்று பதில் வந்தாலும் வரும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுக்களின் நகல்களைத் தேடுங்கள். குடிநீர், பஸ், பள்ளிக்கூடச் சுவர் என்று எதற்கு மனுப் போனாலும் கீழே பத்திருபது பெயர்கள் இருக்கும். முதல் பெயர் ஓர் ஆணுடையதாக இருக்கும். அப்பத்தாவின் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கும். தண்டட்டியை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்தார் என்பது போன்ற செய்திகளுக்கு அடகுச் சீட்டோ, காதில் தண்டட்டி இருக்கும் ஒரு புகைப்படமும் இல்லாத ஒரு புகைப்படமுமோ கிடைத்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தப் பிள்ளைக்கு என்ன செலவு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய படத்தின் பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகுகளில் வந்து இறங்கியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அகதிகள் பெரும்பாலும் இராமேஸ்வரம் தீவிலும் தனுஷ்கோடி மணலிலும் இறங்கி மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்பது உறுதி. உங்கள் ஊர் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. திசை தவறி வந்த படகு ஒன்றா, அல்லது அவர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்ததா என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்தாமல் இதை எழுத வேண்டாம்.

விசாரிக்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். ஆண்கள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள், பெண்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். 'அப்பத்தா எப்படிப்பட்டவர்' என்று கேட்டால் தங்கமானவர் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். 'கடைசியாக எதற்காக உங்கள் வீட்டுக்கு வந்தார்', 'உங்களை எதற்காவது திட்டியிருக்கிறாரா' என்று கேளுங்கள். அவரோடு மனத்தாங்கல் இருந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். கண்டிப்பான பெண்ணின் நியாயம் பல சமயம் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் வாயிலிருந்தே தெளிவாக வரும். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு ஊரில் உள்ளவர்களைவிட நினைவு கூர்மையாக இருப்பதையும் கண்டிருக்கிறேன்; திருவிழாவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன இந்த முறைகளெல்லாம் ஒரு நினைவு மலருக்குப் போதுமானவை. வாரிசுச் சான்று, நிலம், ஓய்வூதியம் போன்றவற்றுக்கு வயதோ உறவோ நிறுவ வேண்டியிருந்தால் தாது வருஷக் கணக்கை நம்பிப் போகாமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது என் துறை இல்லை. மலரிலும் உறுதியானதை நேராக எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை 'இன்னார் சொல்கிறார்' என்று அவர் பெயரோடும் அனுமதியோடும் எழுதுங்கள். சோதனையில் நிற்காததை விட்டுவிடுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பு, பிழை திருத்தம் முடிந்த படியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், சங்கப் பெண்களைக் கூட்டி முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர்களில் பலரால் சிறிய எழுத்தைப் படிக்க முடியாது, ஆனால் காதால் கேட்டுத் திருத்துவார்கள். எந்த ஊற்று, எந்த வருஷம், யார் உடன் இருந்தது என்று குறுக்கிட்டுச் சொல்வார்கள். அன்றைக்கு ஒரு நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும், அச்சகத்துக்குக் கொடுத்த தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்திருங்கள்.